முக்காலிக்கு இந்தப் பக்கம்

எனக்கு வந்த வியாதிக்குப் புளூரிசி என்று பெயர். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போவதால்தான் நாம் மூச்சு விடுவது நமக்கே தெரியாமல் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் நீர் கோத்துக்கொண்டால் நுரையீரல் விரிய இடமில்லாமல் போய்விடும். இதை டாக்டரம்மா ஒரு தலையணையையும் அதன் உறையையும் கையில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார்கள். நன்றாக விளங்கியது. விளங்கியதால் பயம் குறையவில்லை. தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு விலாவில் ஊசி ஏறியிருக்காது.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் கோவில் பங்கில் யாருக்காவது நெஞ்சில் நீர் என்று டாக்டர் சொன்னால் இன்றும் அவர்களை என்னிடம்தான் அனுப்புகிறார்கள். ஊசி எவ்வளவு வலிக்கும், மருந்து என்ன செய்யும், எப்போது சோறு இறங்கும் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறேன். மற்றதைச் சொல்வதில்லை. படுக்கையில் கிடக்கிறவனிடம் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது. எழுதி வைத்துவிட்டால், சுகமாக இருக்கிறவர்கள் படித்துக்கொள்ளலாம்.

நான் கொடைரோடு ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மலையிலிருந்து வரும் பேரிக்காய்க் கூடையும் பிளம்ஸ் பெட்டியும் என் கையால் எண்ணப்படாமல் வண்டி ஏறியதில்லை. அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. கோவிலில் உட்கார்ந்தால் உத்தரத்தை எண்ணுவேன், சாப்பிட உட்கார்ந்தால் இட்லியை எண்ணுவேன். மனைவி இறந்த பிறகு திண்டுக்கல்லில் மகள் ஜெபமாலையின் வீட்டுக்கு வந்துவிட்டேன். மருமகனுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. அதிகம் பேசாத மனிதர்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் வலது விலாவில் ஒரு குத்தல் வந்தது. சிரித்தால் குத்தும். நான் அதிகம் சிரிக்கிறவன் அல்ல என்பதால் அதைக் கவனிக்கவே சில நாள் ஆயிற்று. வாயு என்று நினைத்து மிளகு ரசம் குடித்தேன். பிறகு சாயங்காலமானால் காய்ச்சல், படுத்தால் மூச்சு முட்டல். வலது பக்கம் சாய்ந்து படுத்தால்தான் கொஞ்சம் காற்று வந்தது. மருமகன் ஒரு குதிரை வண்டியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

கன்னியர் நடத்திய ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி அது. இப்போது அந்த இடத்தில் வேறு கட்டடம் இருக்கிறது. வெளியே நீளமான பெஞ்சு. அதில் பதினொரு பேருக்கு இடம், உட்கார்ந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் இருமலை மனசுக்குள் எடை போட்டுக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா என் முதுகில் இடது விரலை வைத்து வலது விரலால் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார்கள். பீப்பாயில் எதுவரை எண்ணெய் இருக்கிறது என்று பார்சல் ஆபீசில் நாங்கள் தட்டிப் பார்ப்போம். அதே சத்தம். மேலே வெற்றுச் சத்தம், கீழே வரவர மந்தம். அவர்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தில் வலது நெஞ்சு பாதிவரை வெள்ளையாக இருந்தது. காசநோயின் வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே போகவில்லை என்றார்கள். வாசல் என்ற சொல் எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆண்கள் வார்டில் பதினாறு கட்டில். எனக்கு ஜன்னலோரம். முதல் தடவை நீர் எடுத்தபோது நாற்காலியில் பின்புறமாகத் திரும்பி, அதன் முதுகைக் கட்டிப்பிடித்து உட்காரச் சொன்னார்கள். விலா எலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போக ஒரு ஊசி, அதற்குப் பிறகு பெரிய ஊசி. வலி என்பதைவிட, யாரோ உள்ளேயிருந்து தள்ளுவதுபோல் இருந்தது. வைக்கோல் நிறத்தில் தண்ணீர் வந்தது. பாட்டில் மாற்றும்போதெல்லாம் நான் எண்ணினேன். நாற்காலியின் முன்னால் குனிந்து நின்று என் இரண்டு தோளையும் மருமகன் பிடித்திருந்தார். முடியும்வரை அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எனக்கும் அவருக்கும் அதுவரை அவ்வளவு நெருக்கம் இருந்ததில்லை. அன்றைக்குப் பிறகு கழிவறைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்தான். செலவு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் காது கேளாதவர்போல் இருந்துவிடுவார்.

பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, தினமும் இடுப்பில். அது கிருமியைக் கொல்லும். கூடவே காதையும் கொஞ்சம் பதம் பார்க்கும். வண்டி தூரத்தில் வரும்போதே தண்டவாளம் முனகுமே, அந்த முனகல் எனக்கு எந்நேரமும் கேட்டது. வண்டி மட்டும் வரவே இல்லை.

என் கட்டிலுக்கு எதிரே காசிம் ராவுத்தர் என்று ஒருவர். தோல் கிட்டங்கியில் தோல்கட்டு சரிந்து விழுந்து காலை முறித்துவிட்டது. மாவுக்கட்டோடு காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். வாய்க்கு மட்டும் கட்டு இல்லை. நான் மாத்திரைகளை எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "எண்ணுங்க பெரியவரே, நல்லா எண்ணுங்க. ஒண்ணு கொறஞ்சா நம்ம டாக்டரம்மா மேல கேசு போட்ருவோம்" என்பார்.

என் வலது கைப்பக்கம் அடுத்த கட்டிலில் சூசை. கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரத்தில் பூவும் அவரையும் போடுகிற குடியானவர். என்னைவிட இளையவர். சாப்பாடு இறங்கும் குழாயில் கட்டி வளர்ந்து அடைத்துவிட்டது. தண்ணீர்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். பேச்சும் போய்விட்டது, காற்று மட்டும் வரும். அவர் மனைவி அன்னம்மாள் கட்டிலுக்குக் கீழே தரையிலேயே இருந்தாள். நான் கண்விழிக்கும்போது சூசை என்னைப் பார்த்து வலது கையைக் கொஞ்சம் தூக்குவார். நானும் தூக்குவேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஒரு நாளும் தவறியதில்லை.

கிறிஸ்துமஸ் திருநாள் நெருங்கியது. வீட்டில் குடில் வைக்க முடியாதே என்று ஜெபமாலைக்கு வருத்தம். ஒரு முக்காலியைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கும் சூசையின் கட்டிலுக்கும் நடுவில் வைத்தாள். மேலே வெள்ளைத் துணி விரித்து, எங்கள் வீட்டுச் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை நிறுத்தி, முன்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பாலன் சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுதிரி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இடம் போதவில்லை. முதலில் என் தலைமாட்டில்தான் வைப்பதாக இருந்தாள். அன்னம்மாள் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, நடுவில் நகர்த்தினாள். "ரெண்டு பேரும் பாக்கலாம்ல" என்றாள். நான் தலைமாட்டிலேயே இருக்கட்டும் என்று முணுமுணுத்தேன். அவள் கேட்கவில்லை.

எங்கள் சபையில் அவஸ்தைப் பூசுதல் என்று ஒரு தேவதிரவிய அனுமானம், அதாவது திருச்சடங்கு, உண்டு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கடும் நோயில் கிடப்பவருக்குச் சுவாமியார் வந்து ஜெபம் சொல்லி, பிஷப்பாகிய மேற்றிராணியார் மந்திரித்த எண்ணெயைக் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசுவார். அந்தந்த உறுப்பால் செய்த பாவம் மன்னிக்கப்படும். ஆண்டவருக்குச் சித்தமானால் உடம்பும் குணமாகும் என்று ஞானோபதேசப் புத்தகம் சொல்கிறது. அந்தக் கடைசி வரியை எங்கள் ஜனம் நம்புவதில்லை. எண்ணெய் பூசினால் ஆள் போய்விடுவான் என்றுதான் நம்புகிறது. ஆகையால் தாடை விழுகிறவரைக்கும் யாரும் சுவாமியாரைக் கூப்பிட மாட்டார்கள்.

சூசை தானே அதைக் கேட்டார். தன் கண்ணைத் தொட்டு, காதைத் தொட்டு, உதட்டைத் தொட்டு மனைவிக்குக் காட்டினார். அன்னம்மாள் தெரியாதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளும் காட்டினார். "திருநா கழியட்டும். பாலன் பொறக்கட்டும். அப்பறம் பாப்பம்" என்றாள். அவர் மறுபடியும் கண்ணைத் தொட்டார். திருநாளுக்கு முந்தின நாள் காலையில் அவர் நகம் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சிஸ்டர் அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து சரி என்று தலையாட்டினாள். கோவிலுக்கு ஆள் போயிற்று. சுவாமியாருக்கு முன்னால் வெள்ளைத் துணியும் சுரூபமும் எரிகிற திரியும் வைத்திருக்க வேண்டும். அவளிடம் ஒன்றுமில்லை. ஜெபமாலையிடம், "தாயி, செத்த நேரம் இந்த முக்காலிய எங்களுக்கும் ஆக்கிக்கிறலாமா?" என்று கேட்டாள். "இதுல கேக்குறதுக்கு என்னக்கா இருக்கு, நடுவுலதான இருக்கு" என்றாள் ஜெபமாலை.

அன்று எனக்கு மூன்றாவது தடவையாக நீர் எடுத்திருந்தார்கள். அன்று ஒருசந்தி நாள் ஆயிற்றே, முட்டை சாப்பிடலாமா என்று நான் சிஸ்டரோடு வாதாடியது நினைவிருக்கிறது. நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது, வாயைத் திறங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு குளிர் வந்தது. கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம். பல்லைச் சேர்க்க முடியவில்லை. நாக்கு கட்டைபோல் ஆகிவிட்டது. ஜெபமாலை இன்னொரு கம்பளியும் கஞ்சியும் எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள். பெண்கள் வார்டில் ஒரு பிரசவம் சிக்கலாகி சிஸ்டரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்னம்மாள் முக்காலியில் இரண்டு திரியையும் கொளுத்திவிட்டு, சுவாமியாரை எதிர்கொள்ள இன்னொரு திரியைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். பிற்பகல்தான், ஆனாலும் மழை இருட்டு. எரிந்த விளக்கு அந்த இரண்டு திரிதான்.

சுவாமியார் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். மழைக்கு அதுதான் குறுக்குவழி. புதிதாகக் குருப்பட்டம் பெற்று வந்திருந்த இளைஞர். திருநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் சொல்லக் கிராமத்து ஜனம் கோவிலில் வரிசையாகக் காத்துக்கொண்டிருந்ததால் அவருக்கு அவசரம். முக்காலியும் திரியும் இருக்கிற கட்டில் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த முக்காலி இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் ஒருவன் வெட்டி வெட்டி நடுங்கிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஒருவர் கண்ணைத் திறந்து அமைதியாகப் படுத்திருந்தார். யாராக இருந்தாலும் என் பக்கம்தான் திரும்பியிருப்பார்கள்.

ஊதா ஸ்தோலாவை முத்தமிட்டுக் கழுத்தில் போட்டார். நான் சிறுவயதில் பூசைக்கு உதவி செய்தவன், லத்தீன் தெரியும். முதல் வாக்கியத்திலேயே என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. டாக்டரம்மா என்னிடம் மறைத்ததை இவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். வாசலில் நிற்கிறேன் என்றார்களே, அதன் அர்த்தம் இதுதானா என்று நினைத்தேன். அவருடைய கட்டைவிரல் என் வலது இமையில் பட்டது. பிறகு இடது இமை. காது, மூக்கு. ஒலிவ எண்ணெய் வாசனை. நான் எண்ணினேன். சாகும்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கே வெறுப்பாக இருந்தது.

அவர் என் உதட்டுக்குக் குனிந்தபோது அவர் தோளுக்கு மேலே சூசையின் முகம் தெரிந்தது. அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையைத் தூக்கினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் அல்ல, அவர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வாயின்மேல் எண்ணெய் விரல் வந்து அமர்ந்தது. பல் அடித்துக்கொண்டதே தவிர சொல் வரவில்லை. சுவாமியார் என் கையைப் பிடித்து விரித்தார், நான் இழுத்துக்கொண்டேன், காய்ச்சல் என்று நினைத்து மெதுவாக மறுபடியும் பிடித்தார். உள்ளங்கை இரண்டிலும் பூசினார். பாதத்துக்கு வந்தபோது சூசையின் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. பிறகு தாழ்ந்தது. ஆறு இடமும் ஆயிற்று. "தைரியமா இருங்க பெரியவரே" என்று என் தோளைத் தட்டிவிட்டு, பஞ்சில் விரலைத் துடைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை மழையில் இறங்கிப் போனார்.

அந்தக் கை எதற்காகத் தூக்கப்பட்டது? இங்கே என்று கூப்பிட்டதா? வழக்கமாக எனக்குச் சொல்கிற வணக்கமா? இல்லை, நடக்கட்டும் என்று சொன்னதா? இன்றுவரை நான் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்துவிட்டால் தூக்கம் வரலாம். ஆனால் எனக்கு வசதியானதைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று தெரியும்.

அன்னம்மாள் அணைந்துபோன திரியோடு திரும்பி வந்தாள். சுவாமியார் பின்வாசலால் வந்து போனார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகத்தில் ஒரு நிம்மதியோடு வந்தாள். புருஷன் பக்கத்தில் மண்டியிட்டு அவர் இமையை விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. காதைத் தொட்டாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். திரி வெளிச்சத்தில் என் முகம் மினுங்கியிருக்க வேண்டும்.

எதிர்க்கட்டிலிலிருந்து ராவுத்தர்தான் பேசினார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "எண்ணெ வைத்தியம்னு நெனச்சேன் தாயி. இவருக்கு முடிச்சிட்டு அந்தக் கட்டிலுக்கு வருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். போறாரேன்னு கூப்பிட வாயெடுத்தேன். ஒங்க சாமியாரு, நான் எப்படிக் கூப்பிடுறதுன்னு இருந்துட்டேன்."

அவள் ஓடினாள். காவல்காரர் சைக்கிளில் போனார். சுவாமியார் நனைந்துபோய் ஓடி வந்தபோது சூசைக்கு மூச்சு நின்றிருந்தது. உடம்பு சூடாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்துக்குச் சபையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உயிர் எப்போது பிரிகிறது என்று மனுஷருக்குத் தெரியாது என்பதால், நெற்றியில் ஒரே இடத்தில் மட்டும் பூசலாம். ஜெபத்துக்கு முன்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டும்: 'நீ உயிரோடிருந்தால்'. சுவாமியார் அதை லத்தீனில் சொன்னார். வார்டில் லத்தீன் தெரிந்த நோயாளி நான் ஒருவன்தான். எனக்கு ஆறு இடம். அவருக்கு ஒரு இடம், அதிலும் ஓர் 'ஆல்'.

கஞ்சியோடு வந்த ஜெபமாலை முக்காலியிலிருந்த வெள்ளைத் துணியை உருவி சூசையின் முகத்தில் போர்த்தினாள். பாலனைத் தன் மடியில் முடிந்துகொண்டாள்.

அன்று இரவு கன்னியரின் போர்டிங் பள்ளிப் பிள்ளைகள் விளக்கோடு வந்து வார்டு வாசலில் நின்று பாடினார்கள். எனக்கு வியர்த்தது. இரண்டு வேட்டி நனைய வியர்த்தது. திருநாள் காலையில் காய்ச்சல் இல்லை. பக்கத்துக் கட்டிலில் உறை மாற்றியிருந்தார்கள். நான் கண்விழித்ததும் வழக்கப்படி வலது பக்கம் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டேன். அங்கே மடித்த கம்பளி இருந்தது.

வந்தவர்கள் எல்லாம் இது பாலன் செய்த புதுமை, அற்புதம் என்றார்கள். எண்ணெய் பூசிப் பிழைத்தவர் என்று என்னைப் பார்க்க முன்பின் தெரியாதவர்கள்கூட வந்தார்கள். டாக்டரம்மா மட்டும், மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது, இது எதிர்பார்த்ததுதான் என்றார்கள். நானும் ஊசிகளை எண்ணி வைத்திருந்தேன். அவர்கள் சொன்னது சரி. ஆனால் ஏன் அன்றைக்கு? ஜெபமாலை எண்ணெய் பட்ட என் கையைக் கழுவ விடவில்லை. நான் வற்புறுத்தியபோது ஒரு கிண்ணத்தில் கழுவி, அந்தத் தண்ணீரை வெளியே மல்லிகைச் செடியில் ஊற்றினாள். நடந்தது அவளுக்கும் தெரியும். "நீங்க பொழச்சு வந்திருக்கீங்க. எனக்கு அது போதும். வேற எதையும் கணக்குப் பாக்காதீங்கப்பா" என்றாள்.

இளைய சுவாமியார் இரண்டு தடவை என்னைப் பார்க்க வந்தார். என் கட்டிலருகே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்து எழுந்து நடக்க முடிந்ததும் பெரிய சுவாமியாரிடம் போனேன். ஆசைப்பட்டுக் கேட்டவனுக்கு ஆசையே போதும், சூசை குறையாகப் போகவில்லை என்றார். அதை ஏற்றுக்கொண்டேன். அப்படியானால் என்மேல் பூசினது யாருடையது என்று கேட்டேன். பார்சல் ஆபீசில் கூடை ஆள் மாறிப் போய்விட்டால், வாங்கினவர் வீடு தேடிப் போய் அதை மீட்டு உரியவரிடம் சேர்க்கும்வரை எங்களுக்குச் சோறு இறங்காது. இதை எப்படி மீட்பது?

பெரிய சுவாமியார் கொஞ்சம் எரிச்சலோடு, "இது பார்சல் இல்லைய்யா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கிருபைக்கு முகவரி பிசகாது என்று தணிவாகச் சொன்னார். நல்ல வார்த்தை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்முன்னால் சூசையின் கை எழுந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அன்னம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு பெட்டி நிறைய அவரைக்காய். ஜெபமாலை காபி கொடுத்தாள். அவள் குடிக்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவாமியார் இரண்டாம் தடவை வந்தபோது என்ன சொன்னார் என்று கேட்டாள். ஏதோ சொல் கூடுதலாகச் சொன்னாராமே என்று சிஸ்டர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள். நான் மறைக்கவில்லை. உயிரோடிருந்தால் என்று சொன்னார் என்றேன்.

 "அப்ப அது சேந்துச்சோ இல்லையோ" என்றாள். "சேந்தது ஒங்களுக்குத்தானுங்கய்யா."

"பெரிய சாமியார் ஒரு குறையும் இல்லைன்னு சொன்னாரு தாயி."

"எங்கிட்டயும் சொன்னாரு. அவுக ரெண்டு நாளு கண்ணத் தொட்டுத் தொட்டுக் கேட்டாக. நான்தான் போயிருவாகளோன்னு தள்ளித் தள்ளிப் போட்டேன். சாமியாருக்கு அது தெரியாதுல்ல." பிறகு சொன்னாள்: "ஒரு தடவ ஊருக்கு வாங்க. அவுக கல்லற மேட்டுல ஒங்க கைய வச்சுக் குடுத்துட்டுப் போங்க."

எண்ணெயைக் கழுவிவிட்டோம் என்றேன். "தண்ணியில போறதுக்கா அம்புட்டு மந்திரம் சொன்னாரு?" என்றாள்.  ஞானோபதேசத்திலும் அவள் சொன்னதுதான் இருக்கிறது.

ஜெபமாலை அடுக்களையிலிருந்து வந்தாள். அவள் யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "அக்கா, எங்கப்பா இப்பத்தான் எந்திரிச்சு நடக்காரு. குடுத்துட்டுப் போன்னா என்ன அர்த்தம்? குடுத்துட்டு அவரு எதோட வருவாரு?"

அன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியல தாயி. கேக்கக் கூடாதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசல்வரை போய் நின்று, அவரைக்காய் முற்றுவதற்குள் ஆக்கிவிடச் சொன்னாள்.

படித்தவன், முப்பது வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவன், இதற்குப் பயந்தேன் என்று எழுத வேண்டியிருக்கிறது. அவள் கேட்டது மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும். மூடநம்பிக்கை என்றால் போய்க் கையை வைப்பதில் என்ன நஷ்டம்? நஷ்டம் ஒன்றும் இல்லையென்றால் ஏன் விலா குத்துகிறது? இரவில் வலது பக்கம் சாய்ந்து படுத்து, ஒவ்வொரு மூச்சும் முழுசாக உள்ளே போகிறதா என்று கவனித்தேன். என் மூச்சு என்று இதுவரை நினைத்ததை இப்போது யாரோ கடனாகக் கொடுத்ததுபோல் இழுத்தேன். நெஞ்சுக்குள் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் சூசை, நடுவில் அந்த முக்காலி. இப்படியே எத்தனை காலம் மூச்சு விடுவது? அவருக்கு உரியதை வைத்துக்கொண்டு சுகமாக இருப்பதைவிட, அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது மேல், பிறகு வருவது வரட்டும் என்று ஒரு காலையில் தோன்றியது. பாலன் பிறந்த திருநாளில் நமக்குச் சொல்லப்படுகிற அன்பு என்பது இதற்கு மேல் என்னவாக இருக்கும் என்றும் தோன்றியது. தைரியம் அல்ல அது. அந்த மூச்சை அதற்கு மேல் சுமக்க முடியவில்லை.

மருமகன் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு கன்னிவாடி பஸ்ஸில் ஏறினார். ஜெபமாலை வாசலுக்கு வரவில்லை. என் தோளில் இரண்டு துண்டைப் போட்டு, காது மறைய மப்ளரைச் சுற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் நின்ற இடத்திலிருந்து வரப்பு வழியாக அன்னம்மாள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். சூசை போட்டிருந்த செவ்வந்தி பூத்து முடிந்து காய்ந்து நின்றது. கல்லறைத் தோட்டம் என்பது வேலி போட்ட ஒரு மேட்டு நிலம். மலை மிக அருகில் இருந்தது. சிமெண்டுக் கல்லறைகள் ஏழு. மற்றதெல்லாம் மண்மேடு, மரச்சிலுவை. சூசையின் மேட்டில் மண் இன்னும் அமுங்கவில்லை. அவள் உட்கார்ந்து மேட்டின் தலைப்பக்கத்தைக் கையால் தட்டிச் சமமாக்கினாள், வீட்டுக்கு வந்தவருக்குப் பாயைத் தட்டிப் போடுவதுபோல். மருமகன் என் கக்கத்தில் கை கொடுத்து என்னை மண்டியிட வைத்தார்.

வலது கையை வைத்தேன். இடது கை எனக்குத் தெரியாமலே வலது விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்னம்மாள் அதைப் பார்த்தாள். மருமகனும் பார்த்தார். அதை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எடுத்து, விரித்து, மண்ணில் வைத்தேன். மேலே மண் காய்ந்து, கீழே ஈரமாகக் குளிர்ந்திருந்தது. ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. குளிர் உள்ளங்கை வழியாக முழங்கைவரை ஏறியது. நான் எண்ணவில்லை.

"எறங்குதாய்யா?" என்று அன்னம்மாள் கேட்டாள்.

நான் கையை எடுக்காமல் அவளைப் பார்த்தேன்.

"எறங்குது தாயி" என்றேன்.